தொப்பைக்கும் நீர்க்கடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

09.03.2025, காலை. கேள்வி

வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எட்டு மாதத்தில் மூன்று தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துவிட்டது. உயரம் 157 செ.மீ., எடை 61 கிலோ. டாக்டர் எடை பரவாயில்லை என்கிறார். ஆனால் இரண்டாவது குழந்தைக்கு அப்புறம் வயிறு மட்டும் இறங்கவே இல்லை. போன தடவை ஊசி போட்ட நர்ஸ், "தொப்பை இருந்தா இது வரத்தான் செய்யும்" என்றார். மாமியார் உடம்புச் சூடு என்கிறார். தொப்பைக்கும் இதுக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா, இல்லை வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்களா?

09.03.2025, இரவு

சம்பந்தம் உண்டு. ஆனால் அந்த நர்ஸ் சொன்ன அளவுக்கு நேரான சம்பந்தம் இல்லை.

நான் டாக்டர் இல்லை. ஒரு அரசு மருத்துவமனை லேபில் 31 வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் கல்ச்சர் மேசையில்தான் கழிந்தது, அதாவது சாம்பிளில் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்க்கும் இடத்தில். எத்தனை ஆயிரம் பேருடைய சிறுநீரைப் பிளேட்டில் தேய்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எனக்கும் இந்தத் தொல்லை வந்து போயிருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன். நீ என் மகள் வயசு, அதனால் அம்மிணி என்றே கூப்பிடுகிறேன்.

முதலில் ஒன்று. இது சுத்தமில்லாதவர்களுக்கு வரும் நோய் இல்லை. பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதைக் கொண்டுவருவது ஈ.கோலை என்ற கிருமி. அது எல்லோருடைய குடலிலும் இருப்பது. பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை நாலு சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு இருபது. மலவாயிலிருந்து மூத்திரப்பைக்குப் போக அதற்கு நம் உடம்பில் அவ்வளவு கிட்டமான வழி. பெண்களில் பாதிப் பேருக்காவது ஆயுளில் ஒரு தடவை வந்துவிடுகிறது.

தொப்பை எப்படி இதில் சேர்கிறது என்றால், வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு மூத்திரப்பையை அமுக்குகிறது, நீர் முழுசாக வெளியேறாமல் தங்குகிறது, தங்கின நீரில் கிருமி பெருகுகிறது. நான் பார்த்த வரைக்கும் இதுதான் முக்கியமான காரணம்.

இரண்டு காரியம் செய். இடுப்பை டேப் வைத்து அள. வெறும் வயிற்றில் சர்க்கரை பார், கூடவே எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) பார்க்கச் சொல். மூன்று தடவையில் ஒரு தடவையாவது கல்ச்சர் செய்தார்களா?

10.03.2025

93 செ.மீ. என்று எழுதியிருக்கிறாய். கல்ச்சர் ஒரு தடவையும் செய்யவில்லை என்றும். இரண்டாவதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

எங்கே வைத்து அளந்தாய்? சேலைக் கொசுவம் செருகும் இடத்தில் அளந்தால் தப்பு. சுடிதார் நாடா கட்டும் இடமும் தப்பு. நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பார். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பார். இரண்டுக்கும் நடுவில் டேப். தரைக்குச் சமமாக ஓட வேண்டும், சதையை இறுக்கக் கூடாது. மூச்சைச் சாதாரணமாக விட்டு முடிக்கும்போது அளவைப் பார். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர்கள்தான் அதிகம். லேபில் நானும் பார்த்திருக்கிறேன், டேப்பைக் கண்டதும் வயிறு தானாக உள்ளே போய்விடும்.

நம்மவர்களுக்குப் பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. தாண்டினால் வயிற்றுப் பருமன். வெள்ளைக்காரர்களுக்கு வைத்திருக்கும் கோடு இதைவிட மேலே. அதேபோல பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு. உன் கணக்கு 24.7 வருகிறது. உலகப் பொதுக் கணக்கில் 25 வரை சரி, இந்தியக் கணக்கில் 23 தாண்டினாலே கூடுதல் எடை. ஆகையால் டாக்டர் பரவாயில்லை என்றது ஒரு அட்டவணைப்படி சரி, இன்னொன்றின்படி சரியில்லை.

இதைப் புரிய வைக்க ஒரு படம் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டது, 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். பார்த்தால் இருவருமே ஒல்லி.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பு 2023-இல் வந்தது. பிஎம்ஐப்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், இடுப்பளவுப்படி பார்த்தால் 39.5 சதவீதம். நடுவில் இருக்கும் அந்தப் பதினோரு சதவீதத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. எடை மெஷினில் ஏறி இறங்கி "பரவாயில்லை" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

14.03.2025

முதல் நாள் எழுதியதில் ஒரு தப்பு. இங்கே படித்த ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பி சுட்டிக்காட்டினார். அவர் சொன்னதுதான் சரி.

தொப்பை மூத்திரப்பையை அமுக்கினால் நீர் உள்ளே தங்காது, வெளியே கசியும். வயிற்றுக்குள் சாதாரணமாக 5 முதல் 7 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கும். பெரிய தொப்பை உள்ளவர்களுக்கு அது எந்நேரமும் கூடுதல். இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் இரண்டு சொட்டு வந்துவிடும். இதை எத்தனை பெண்கள் வெளியே சொல்கிறார்கள்? மடித்த துணியை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டுகிறார்கள். நாள் முழுக்க ஈரம், வேர்வை, தொடைச் சந்தில் உரசல். தோல் புண்ணாகி, கிருமி தங்க வசதியான இடமாகிவிடுகிறது. ஆக அழுத்தத்துக்கும் தொற்றுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் நான் சொன்ன வழியில் இல்லை.

இந்தக் கசிவு எடை குறைந்தால் குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 338 பெண்களை வைத்துச் செய்து 2009-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் எடையில் 8 சதவீதம் குறைத்தவர்களுக்கு வாரக் கசிவு 47 சதவீதம் குறைந்தது. வெறும் அறிவுரை வகுப்பு மட்டும் கேட்டவர்களுக்கு 28. எட்டு சதவீதம் என்றால் உன் எடைக்கு ஐந்து கிலோ.

நீர் தங்குவதும் உண்டு, அது வேறு காரணங்களால். பிரசவத்துக்கு அப்புறம் அடியிறக்கம் (கருப்பை கீழே இறங்குவது), மலச்சிக்கல், ரொம்ப நாள் சர்க்கரையால் மூத்திரப்பையின் நரம்பு மந்தமாவது. ஸ்கேனில் நீர் போன பிறகு மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதை நான் தொப்பை தலையில் போட்டது தப்பு.

15.03.2025

அப்போ தொப்பையின் பெரிய வழி எது என்று கேட்டால், சர்க்கரை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடாது. சிறுநீரில் சர்க்கரை வந்தால் கிருமிக்குத் தீனி என்று நாங்கள் லேபில் சொல்லிக்கொள்வோம். விஷயம் அதைவிட ஆழம். சிறுநீரகத்திலும் மூத்திரப்பையின் உள்தோலிலும் கிருமியைக் கொல்லும் புரதங்கள் சுரக்கின்றன. அதில் ஒன்றின் பெயர் ஆர்என்ஏஸ் 7. இன்சுலின் சமிக்ஞை கெட்டால் அதன் சுரப்பு குறைகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சோரியாசின் என்று இன்னொன்று. சர்க்கரை அதிகமானால் அது குறைகிறது என்று 2022-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் கண்டார்கள். காவல்காரன் தூங்கிவிடுகிறான் என்று வைத்துக்கொள்.

அதனால்தான் முதல் நாளே சர்க்கரை பார்க்கச் சொன்னேன்.

22.03.2025

கல்ச்சர் பற்றி எழுதுகிறேன் என்றேன். என் கதையோடு சேர்த்துத்தான் எழுத முடியும்.

எனக்கு 49 வயதில் மாதவிடாய் நின்றது. இடுப்பு 98 செ.மீ. அந்த வருடம் நீர்க்கடுப்பு மூன்று தடவை. சொட்டுச் சொட்டாகப் போகும், போகும்போது கண்ணாடித்தூள் அறுக்கிற மாதிரி இருக்கும், போய்விட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடி வரும். டூட்டி நேரத்தில் எழுந்து எழுந்து ஓட வெட்கம். மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டேன். மூன்று நாளில் குறைந்ததும் நிறுத்தினேன். இரண்டாவது தடவையும் அப்படியே. ஊருக்கெல்லாம் கல்ச்சர் போடுகிறவள், என்னுடையதைப் போடவில்லை.

மூன்றாவது தடவை மாத்திரை கேட்கவில்லை. ஐந்தாம் நாள் என் நீரை நானே பிளேட்டில் போட்டேன். லூப் என்பது நுனியில் சின்ன வளையம் வைத்த கம்பி. ஒரு முக்கில் ஒரு மைக்ரோலிட்டர் ஏறும். பிளேட்டில் நூறு காலனி (கிருமி பெருகித் தெரியும் புள்ளி) முளைத்தால் மில்லிக்கு ஒரு லட்சம் கிருமி என்று கணக்கு. மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்து எடுத்தபோது எண்ணுவதற்கே இடமில்லை. குடல் கிருமிகளை வளர்க்கும் மெக்கான்கி பிளேட் முழுக்க ரோஸ் நிறத்தில், காய்ந்த மாதிரி தட்டையாக, ஈ.கோலை.

அதற்கடுத்த நாள் சென்சிடிவிட்டி பார்த்தேன். பிளேட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்த்த சின்னச் சின்ன வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றி கிருமி முளைக்காமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். நைட்ரோஃப்யூரன்டோயின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைச் சுற்றி நல்ல வட்டம் இருந்தது. சிப்ரோ வில்லையைச் சுற்றி ஒன்றுமில்லை. வில்லையின் விளிம்பு வரை கிருமி வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு தடவை அரைகுறையாகப் போட்ட மாத்திரை. அந்தப் பிளேட்டை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதம்தான் சர்க்கரையும் பார்த்தேன். வெறும் வயிற்றில் 118, எச்பிஏ1சி 6.3. சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது, வாசற்படியில் நிற்கிறது.

அம்மிணி, மூன்று தடவை வந்து ஒரு தடவையும் கல்ச்சர் செய்யாமல் உனக்கு மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், எந்த வில்லையைச் சுற்றி உனக்கு வட்டம் விழும் என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்த தடவை எரிச்சல் ஆரம்பித்தால் முதல் மாத்திரைக்கு முன்னாலேயே சாம்பிள் கொடு. ஒரு மாத்திரை போட்டுவிட்டுக் கொடுத்தாலும் கிருமி முளைக்காமல் போகலாம்.

23.03.2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர், "அப்போ தொப்பையைக் குறைத்ததும் நின்றுவிட்டதா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

நின்றது. பதினாலு மாதத்தில் 98-இலிருந்து 91-க்கு வந்தேன். அப்புறம் ஆறேழு வருடம் ஒரு தடவையும் வரவில்லை. ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே நேரத்தில் டாக்டர் அம்மா உள்ளே தடவ ஈஸ்ட்ரியால் என்ற பெண் ஹார்மோன் களிம்பு கொடுத்திருந்தார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது எவ்வளவு கேட்கும் என்று 1993-லேயே பார்த்திருக்கிறார்கள்: தடவியவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி அரைத் தடவை தொற்று, வெற்றுக் களிம்பு தடவியவர்களுக்குக் கிட்டத்தட்ட ஆறு தடவை. தண்ணீரும் அந்த வருடம்தான் ஒழுங்காகக் குடிக்க ஆரம்பித்தேன். மூன்றில் எது வேலை செய்தது? ஏழு சென்டிமீட்டரா, களிம்பா, தண்ணீரா? களிம்புதான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். தொப்பைக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் எச்பிஏ1சி 5.8-க்கு இறங்கியது.

என் கதையை மட்டும் வைத்து "தொப்பை குறைந்தால் தொற்று போகும்" என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

30.03.2025

அம்மிணி தன் ஒரு நாளை எழுதியிருக்கிறாள். அதைப் படித்த பிறகு நான் இதுவரை எழுதியது எல்லாமே பாதிதான் என்று படுகிறது.

காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டு. டேபிளுக்கு முன்னால் உட்கார்ந்து பீஸ் பீஸாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். டீ நேரம் இரண்டு, சாப்பாடு ஒன்று. நடுவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவர் வாட்ச்சைப் பார்ப்பார். இருநூறு பேருக்கு ஆறு கக்கூஸ், அதில் இரண்டில் தாழ்ப்பாள் இல்லை. அதனால் காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு சரி, மத்தியானம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. டீ நேரத்தில் டீயும் பன்னும், இல்லாவிட்டால் போண்டா. ராத்திரி வீட்டுக்கு வந்து ஒன்பதரைக்குச் சோறு, பத்தரைக்குப் படுக்கை.

இந்த நாளைப் பாருங்கள். பதினோரு மணி நேரம் உட்காருவதும் போண்டாவும் ராத்திரிச் சோறும் தொப்பையைக் கொடுக்கின்றன. தண்ணீர் குடிக்காததும் நீரை அடக்குவதும் தொற்றைக் கொடுக்கின்றன. தொப்பை தொற்றைக் கொடுத்ததா? இல்லை, ஒரே நாள் இரண்டையும் பெற்றுப் போட்டதா? நான் 31 வருடம் சாம்பிளைத்தான் பார்த்தேன். அது எந்த நாளிலிருந்து வந்தது என்று பார்த்ததில்லை.

தண்ணீருக்கு ஆதாரம் வலுவானது. பல்கேரியாவில் 140 பெண்கள். எல்லோரும் அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறவர்கள், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிப்பவர்கள். பாதிப் பேரை தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 தடவை வந்தது, மற்றவர்களுக்கு 3.2. 2018-இல் வந்த ஆய்வு. ஒரு தண்ணீர் பாட்டில் கம்பெனியின் பணத்தில் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் கணக்கு நன்றாகச் செய்யப்பட்டது. (இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்ட வேண்டாம்.)

ஆனால் குடி, குடி என்று அம்மிணிக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடித்தால் எங்கே போவாள்? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே குடிநீருக்கு 18-ஆவது பிரிவும் கழிப்பறைக்கு 19-ஆவது பிரிவும் இருந்தன. இரண்டும் கம்பெனியின் கடமை. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டி, உட்காரவும் ஒதுங்கவும் நேரம் கேட்டுப் போராடினார். கேரளாவில் 2018-இல் சட்டம் திருத்தினார்கள், தமிழ்நாட்டில் 2021-இல் கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. யாரோ வாயைத் திறந்து கேட்டதால் வந்தது. நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அந்த இரண்டு தாழ்ப்பாளை மட்டும் முதலில் கேளுங்கள்.

11.04.2025

ஈரோட்டிலிருந்து ஒரு சார், 58 வயது, இடுப்பு 108, நீர் இழுத்து இழுத்துப் போகிறது, இரண்டு தடவை காய்ச்சலோடு தொற்று. ஆண்களுக்கு இது வருவதே அபூர்வம், வந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். தொப்பையும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு புராஸ்டேட் வீக்கமும் அதிகம் பார்க்கிறோம். பருமனுக்கும் தொற்றுக்கும் உள்ள தொடர்பு ஆண்களிடம் தெளிவாகத் தெரிந்தது என்று இஸ்ரேலில் 2013-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. யூராலஜிஸ்டைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

அவருடைய இன்னொரு கேள்வி: போன மாதம் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையின் விலை குறைந்ததும் டாக்டர் அதற்கு மாற்றினார், இப்போது ஆணுறுப்பின் நுனியில் அரிப்பும் வெள்ளைப் படிவும். சார், அது பூஞ்சை. இந்த மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகின்றன, அதனால் வெளித்தோலில் பூஞ்சை வருவது தெரிந்த விளைவுதான். மூத்திரப்பைத் தொற்றோடு குழப்பிக்கொண்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் பூஞ்சை இன்னும் கூடும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரை, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

05.05.2025

அக்னி நட்சத்திரம் நேற்று ஆரம்பித்தது. அம்மிணியின் மாமியாரை நான் மறந்துவிடவில்லை. சூடு என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. வேர்வையில் நீர் போய்விடுகிறது, சிறுநீர் கெட்டியாகிறது, மஞ்சளாக எரிச்சலோடு போகிறது. அதுவும் நீர்க்கடுப்புதான், ஆனால் அதில் கிருமி இருக்காது. மோரும் இளநீரும் பார்லித் தண்ணீரும் குடித்து ஒரே நாளில் சரியானால் அது சூடு. மறுநாளும் எரிந்தால், நாற்றமடித்தால், கலங்கலாகப் போனால், ரத்தம் தெரிந்தால் லேபுக்குப் போக வேண்டும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பின்பக்க விலாவுக்குக் கீழே வலி, வாந்தி: கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. அதற்கு மோர் கொடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குச் சிறுநீரகத்துக்குள்ளேயே கிருமி வாயுவை உண்டாக்கி அழுகவைத்துவிடும். எங்கள் லேபுக்கு ஒரு சாம்பிள் வந்தது, ஐம்பது வயது அம்மா, சர்க்கரை 420. நாலு நாள் வீட்டில் கஷாயம் குடித்துவிட்டு வந்திருந்தார். கல்ச்சர் ரிப்போர்ட் நான் கையெழுத்துப் போட்டு அனுப்புவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

18.06.2025

அம்மிணிக்கு மறுபடி எரிச்சல். இந்தத் தடவை மாத்திரைக்கு முன்னால் சாம்பிள் கொடுத்திருக்கிறாள். ரிப்போர்ட்டில் "மிக்ஸ்டு குரோத், மறுபடி சாம்பிள் அனுப்பவும்" என்று வந்திருக்கிறது. பணம் போனதே என்று அழுகிறாள்.

அழாதே. மூன்று நாலு வகைக் கிருமி சேர்ந்து முளைத்தால் அது பெரும்பாலும் தோலிலிருந்து வந்தது, மூத்திரப்பையிலிருந்து இல்லை. தொப்பை உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கையில் டப்பாவைக் கொடுத்து "பிடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறோம். நானும் எத்தனை வருடம் அப்படித்தான் அனுப்பினேன்.

ஒருநாள் ஒரு அம்மாவுக்கு மூன்றாவது தடவையும் மிக்ஸ்டு குரோத் வந்தது. கூடவே போனேன். பாவம், அடிவயிறு தொடை மேல் மடிந்து விழுகிறது. ஒரு கையில் சேலை, ஒரு கையில் டப்பா. கீழே எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. விழும் நீர் மடிப்பில் பட்டு வழிந்து டப்பாவுக்குள் போகிறது. சேலையை நான் பிடித்துக்கொண்டேன். முதலில் மடிப்பையும் முன்பக்கத்தையும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடைக்கச் சொன்னேன். வெஸ்டர்ன் கோப்பையில் காலை நன்றாக அகட்டி உட்காரவைத்து, ஒரு கையால் அடிவயிற்றைத் தூக்கிப் பிடித்து, விரலால் விலக்கி, முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு நடுவில் பிடிக்கச் சொன்னேன். மறுநாள் பிளேட்டில் ஒரே ஒரு வகைக் கிருமி, சுத்தமாக. மூன்று வாரம் தவறான ரிப்போர்ட்டோடு அலைந்தவருக்கு மருந்து அன்றைக்குத்தான் கிடைத்தது.

கழுவுவதும் அப்படித்தான். தொப்பை பெரிசாகக் கை எட்டாது. பின்னாலிருந்து முன்னால் கழுவுவது வசதியாகப் போய்விடும். ஹெல்த் ஃபாசெட்டைப் பின்னாலிருந்து முன்பக்கமாகப் பீய்ச்சுவதும் அதே தப்புதான்.

19.06.2025

நேற்று வெஸ்டர்ன் கோப்பை என்று எழுதியதை வைத்து, குத்துக்காலிட்டு உட்காருவது கெடுதலா என்று கேட்கிறார்கள். இல்லை. முழுசாகக் குந்தி உட்கார்ந்தால் நன்றாகவே காலியாகும். முட்டிவலியாலோ கக்கூஸ் அசிங்கமாக இருப்பதாலோ பாதி நின்ற வாக்கில் போவதுதான் கெடுதல். அப்போது இடுப்புத் தசை இளகாது, மிச்சம் நிற்கும். பிரிட்டனில் 1991-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். முடியாதவர்கள் ஸ்டூல் மாதிரியான கழிப்பு நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள்.

02.08.2025

அம்மிணியின் முடிவுகள் வந்துவிட்டன. இரண்டாவது சாம்பிளில் ஈ.கோலை, நைட்ரோஃப்யூரன்டோயினுக்கு வட்டம் நன்றாக விழுந்திருக்கிறது. டாக்டர் சொன்ன நாள் முழுக்கப் போட்டு முடித்தாள். எச்பிஏ1சி 6.0. ஸ்கேனில் மிச்ச நீர் 20 மில்லி, அது ஒன்றுமே இல்லை. ஆக நான் முதல் நாள் அடித்துச் சொன்ன காரணம் இவளிடம் இல்லவே இல்லை. வாசற்படிச் சர்க்கரையும், தண்ணீர் இல்லாத பகலும்தான் இருக்கின்றன.

எரிச்சல் எதுவும் இல்லை, இருந்தாலும் கிருமி போய்விட்டதா என்று மறுபடி கல்ச்சர் செய்யட்டுமா என்கிறாள். வேண்டாம். தொந்தரவு இல்லாதபோது பிளேட்டில் கிருமி முளைத்தாலும் அதற்கு மருந்து தேவையில்லை. மருந்து கொடுத்தால் முரட்டுக் கிருமியைத்தான் வளர்ப்போம். விதிவிலக்கு கர்ப்பிணிகளும், மூத்திரப்பாதையில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களும். (ஐந்து மாத கர்ப்பத்தில் தங்கை இருப்பதாக எழுதியவருக்கு: தொந்தரவே இல்லாவிட்டாலும் அவளுக்கு ஒரு கல்ச்சர் கட்டாயம் செய்யுங்கள்.)

16.11.2025

ரொம்ப நாள் கழித்து அம்மிணி எழுதியிருக்கிறாள். ஜூனுக்கு அப்புறம் தொற்று இல்லை. கக்கூஸ் இரண்டுக்கும் தாழ்ப்பாள் வந்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்து ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கேட்டார்களாம். அந்த வாரமே போட்டுவிட்டார்கள். ஒரு லிட்டர் பாட்டில் மத்தியானத்துக்குள் ஒன்று, சாயங்காலத்துக்குள் ஒன்று. போண்டாவுக்குப் பதில் வேர்க்கடலை. சாப்பாட்டு நேரத்தில் காம்பவுண்டுக்குள் மூன்று சுற்று நடக்கிறாள், இப்போது கூட ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொள்கிறார்களாம்.

எடை 60. ஒரு கிலோதான் குறைந்தது என்று வருத்தப்படுகிறாள். இடுப்பு எவ்வளவு என்று கேட்டேன். 88 என்றாள். எக்கிப் பிடிக்காமல் அளந்தாயா என்று கேட்டேன். மூச்சை விட்டு, விலாவையும் இடுப்பெலும்பையும் தொட்டுப் பார்த்து, இரண்டு தடவை அளந்தாளாம். டேப்பைப் பிடித்தது மாமியார்.